ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு?

கத்தரிக்காயில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைப்பதற்காகக் கால் மணி நேரம் வாதாடுகிற நம் ஜனங்கள், வீடு வாங்கப் போன இடத்தில் மட்டும் திடீரென்று மகா பெருந்தன்மைக்காரர்களாகி விடுகிறார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் காபி கொடுத்துவிட்டால் போதும். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியிருப்பதைச் சொல்லக்கூட நாக்கு எழும்புவதில்லை. போகட்டும், இந்தக் கூச்சத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. என் சண்டையெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற மௌனத்தோடுதான்.

விலை 80 லட்சம் என்று படிந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று விசாரிக்கிற தோரணையில், "ஒயிட் எவ்வளவு, பிளாக் எவ்வளவு?" என்கிறார். பத்திரத்தில் 50, கையில் ரொக்கமாக 30. "உங்களுக்கும் லாபந்தானே, சார்! பத்திரச் செலவு குறையுமே!"

குறையும், வாஸ்தவம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு குறுக்கே நிற்காவிட்டால் 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். இந்த ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு மனுஷர் வாயை மூடிக்கொள்கிறார். மற்றதை நாமல்லவா போட்டுப் பார்க்கவேண்டும்?

வங்கி பத்திரத் தொகையை ஒட்டித்தான் கடன் கொடுக்கும். 80 சதவீதம் கிடைக்கிறதென்றால், 80 லட்சத்துக்கு 64 லட்சம். 50 லட்சத்துக்கு 40 லட்சந்தான். நம் கையிலிருந்து போட வேண்டியது 16 லட்சமாக இருந்தது, 40 லட்சமாகி விடுகிறது! சம்பளம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்படுகிற குமாஸ்தாவிடம் கறுப்புப் பணம் ஏது? மனைவியின் சங்கிலியை விற்று, வெள்ளையைக் கறுப்பாக்கும் விபரீத ரசவாதத்தில் அவன் இறங்கவேண்டும். அந்த 30 லட்சத்துக்கு ரசீதும் கிடையாது. நாளைக்கு வில்லங்கம் என்று வழக்கு வந்தால் எதைக் காட்டுவான்?

பிற்காலத்தில் அதே 80 லட்சத்துக்கே விற்றாலும், காகிதப்படி அவன் வாங்கியது 50. சம்பாதிக்காத 30 லட்சம் லாபமாகிவிடும். 2024 ஜூலை 23 முதல் உள்ள 12.5 சதவீத விகிதப்படி, விலக்கு எதுவும் இல்லாவிட்டால், வரி 3 லட்சத்து 75 ஆயிரம். மிச்சம் பிடித்தது 2.70 என்பதை மறந்துவிட வேண்டாம். இதிலிருந்து தப்ப அவனும் அடுத்தவனிடம், "பிளாக் எவ்வளவு?" என்று கேட்பான். வியாதி இப்படித்தான் வீட்டுக்கு வீடு குடி போகிறது.

வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய தொகையளவுக்கு அபராதம் என்று 2015 ஜூன் 1 முதலே சட்டம் இருக்கிறது. தரகருக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் பார்த்த ஒரு வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கண்ணியவான். தேசத்தில் லஞ்சம் பெருத்துப் போனதைப் பற்றி அரை மணி நேரம் நொந்துகொண்டார். அந்தச் சூட்டோடு ரொக்கப் பங்கையும் சொன்னார். கதை எழுதுகிற எனக்கே இப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்கத் துணிவு வந்திராது. அவர் கட்டவேண்டிய வரிக்கு நான் ஏன் ஐயா திருடனாக வேண்டும்?

ஆகவே விலை பேசுமுன்பே, வாசற்படியிலேயே சொல்லிவிடுங்கள்: "முழுத்தொகையும் பத்திரத்தில்." ஓதம், கிணறு, சதுர அடியெல்லாம் அப்புறம். நான் அப்படித்தான் சொன்னேன். "இந்தப் பிடிவாதத்தோடு வருஷக் கணக்கில் தேடுவீர்கள்" என்றார் தரகர்.

பதினான்கு மாதம் தேடினேன்.