மடகஸ்கார் இலையும் நம்ம ஊர்க் காய்ச்சலும்



எழுதுவோமா விடுவோமா என்று பல நாளாக யோசித்த விடயம் இது. நேற்று வட்ஸ்அப் குழுவொன்றில் வந்த குரல் பதிவைக் கேட்ட பிறகு, எழுதாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

"ஆபிரிக்கா போற நம்ம புள்ளைகளுக்கு மலேரியா மாத்திரை தேவல்ல. மடகஸ்கார்ல ஆர்ட்டிமீசியா என்டு ஒரு இலை இருக்கு. நோபல் பரிசு கெடச்ச இலை. தேயில மாதிரி ஊத்திக் குடிச்சாப் போதும்." இதுதான் பதிவு. பேசியவர் நல்ல எண்ணத்தில்தான் பேசியிருக்கிறார். ஆனால் அதில் பாதி உண்மை, பாதி ஆபத்து.

பேருவளைப் பக்கம் கல் வியாபாரத்தோடு சம்பந்தமில்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1998இல் மடகஸ்காரின் இலாகாக்காவில் நீலக்கல் கிடைக்கத் தொடங்கிய பிறகு நம்மவர்கள் அங்கே போய் வருவது சாதாரணமாகிவிட்டது. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். அதனால் இது நமக்கு வெளிநாட்டுச் செய்தி இல்லை, வீட்டு விடயம்.

என் சாச்சியின் மகன் சென்ற வருடம் மூன்று மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வந்து பத்தாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். பெட்டியில் கொண்டுவந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து, சுடுதண்ணீர் ஊற்றிக் குடித்தான். வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் இறங்கியது. சாச்சி அல்ஹம்துலில்லாஹ் என்றார். அடுத்த நாள் மறுபடியும் நடுக்கம், மறுபடியும் இலைத் தண்ணீர். இடையில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனான். எங்கே போய் வந்தாய் என்று அங்கே கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. பனடோலோடு வீடு திரும்பினான்.

ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போனேன். கண் மஞ்சளித்திருந்தது. என்னைப் பார்த்து "வாப்பா" என்றான். அவனுடைய வாப்பா மௌத்தாகி ஏழு வருடம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் ஃபல்சிப்பாரம் மலேரியா. நான்கு நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். அல்லாஹ் ஹயாத்தைக் கொடுத்தான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதை நான் இன்றுவரை சாச்சிக்குச் சொல்லவில்லை.

மலேரியாக் காய்ச்சல் தானாகவே ஏறும், வியர்த்து இறங்கும். அந்த இறக்கத்தை நாங்கள் இலையின் கணக்கில் எழுதிவிட்டோம்.

இப்படிச் சொன்னதும் "சேர் மூலிகையைக் கேவலப்படுத்துகிறார்" என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தச் செடிக் குடும்பத்தின் கசப்பில் வளர்ந்தவன் நான். யுனானியில் அப்சந்தீன் என்பதும், அரபிகள் ஷீஹ் என்பதும், தமிழ் வைத்தியர்களின் மாசிபத்திரியும், மாலையில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்தும் ஒரே குடும்பம். வயிற்றுப் பூச்சிக்கும் செரிமானத்துக்கும் பல நாடுகளில் பல நூற்றாண்டாகப் பயன்பட்டவை. எங்கள் உம்மும்மா மருந்துக் கடையில் அப்சந்தீன் வாங்கி டப்பாவில் வைத்திருப்பார். பூச்சித் தொல்லை என்றால் ஒரு சிட்டிகைதான், அதுவும் மூன்று நாளைக்குத்தான். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கவே மாட்டார். கேட்டால் "கூடினா நஞ்சு மகன்" என்பார். அது சரிதான். அப்சந்தீனில் உள்ள தூயோன் என்ற பொருள் அளவு மிஞ்சினால் வலிப்பைக் கொண்டுவரும். இதே குடும்பத்துச் செடியொன்றிலிருந்து எடுத்த சாண்டோனின் என்ற பூச்சி மருந்தை ஒரு காலத்தில் உலகமெல்லாம் கொடுத்தார்கள். அளவு கூடியவர்களுக்குப் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

ஆக, எந்தச் செடி, எந்த நோய்க்கு, எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது மருந்து.

நோபல் பரிசுக் கதைக்கு வருவோம். வியட்நாம் யுத்த காலத்தில், 1967இல், சீன அரசு மலேரியாவுக்குப் புது மருந்து தேடும் இரகசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ என்ற பெண் ஆய்வாளர் பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். அவருடைய குழு ஆர்ட்டிமீசியா அனுவா என்ற செடியைச் சோதித்தபோது ஒரு தடவை வேலை செய்தது, மறு தடவை செய்யவில்லை. சுமார் 1,600 வருடங்களுக்கு முன் வாழ்ந்த கோ ஹொங் என்பவரின் நூலில் அதற்கு விடை இருந்தது. அவர் இலையைக் காய்ச்சச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தார். சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்த தூ யூயூ, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971இல் அந்தச் சாறு விலங்குகளில் மலேரியாக் கிருமியை அழித்தது. மனிதருக்குக் கொடுக்குமுன் தானே குடித்துப் பார்த்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கவனியுங்கள். எட்டுச் சுண்டு தண்ணீரை ஒரு சுண்டாக வற்றவைப்பது நம் வைத்தியத்தின் பழைய முறை. பல மூலிகைக்கு அது பொருந்தும். இந்த இலைக்குப் பொருந்தவில்லை. பரிசு இலைக்குக் கிடைக்கவில்லை, அதிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்த அறிவுக்குக் கிடைத்தது. அப்சந்தீனிலோ மாசிபத்திரியிலோ அந்தச் சத்து மருந்தாகும் அளவுக்கு இல்லை. பெயரில் ஆர்ட்டிமீசியா என்று இருப்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

சரியான செடியாகவே இருந்தாலும் இலைத் தண்ணீர் போதாது. அந்தச் சத்து தண்ணீரில் லேசில் கரையாது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அளவு வேறுபடும். உடம்பில் சில மணித்தியாலம்தான் தங்கும். அதனால்தான் நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்தையும் சேர்த்து, மூன்று நாளைக்குக் கணக்காக மாத்திரை கொடுக்கிறார்கள். அரைகுறை அளவு கிருமியைக் கொல்லாது, மருந்தைத் தாங்கிப் பழகவிடும். மலேரியாவுக்கு இலைத் தேநீர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான்.

மடகஸ்கார் மக்களைப் பார்த்துச் சிரிக்கவும் நமக்குத் தகுதியில்லை. 2020 ஏப்ரலில் அந்நாட்டு ஜனாதிபதி இதே இலையில் செய்த பானத்தைக் கொரோனா மருந்து என்று அறிமுகம் செய்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அதே வருடக் கடைசியில் கேகாலையில் ஒரு பாணிக்காக நம் நாட்டு மக்கள் எத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நின்றோம்? பயம் வந்தால் எல்லா மனிதரும் ஒன்றுதான்.

இது தனி ஆளின் விடயமும் இல்லை. 1934-35இல் இந்த நாட்டில் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. 1963இல் நோயாளிகளை வெறும் 17 ஆகக் குறைத்தோம். கவனம் தளர்ந்தது, சில வருடங்களில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மறுபடியும் போராடி, 2012க்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை என்ற நிலைக்கு வந்து, 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் பெற்றோம். ஆனால் அதைக் காவும் நுளம்பு போய்விடவில்லை. வெளியிலிருந்து வரும் ஒருவரின் இரத்தம் போதும். அந்த ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டுமா?

ஆகவே உறவுகளே, நான் கேட்பது மூன்றே விடயம்.

ஒன்று, போகுமுன் நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா ஒழிப்பு இயக்கத்துக்குப் போங்கள். தடுப்பு மாத்திரை இலவசம். சொன்ன நாள் வரைக்கும், ஊர் திரும்பிய பிறகும் விடாமல் குடியுங்கள்.

இரண்டு, ஆபிரிக்கா போய் வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டொக்டர் கேட்காவிட்டாலும் "நான் மடகஸ்கார் போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். என்ன கல் கொண்டுவந்தாய் என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கப்போவதில்லை.

மூன்று, அந்தக் குரல் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள்.

உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வெளிநாட்டிலிருந்து வந்தால் என்ன கொண்டுவந்தான் என்று பெட்டியைப் பார்க்கிறோம். அதோடு நெற்றியையும் தொட்டுப் பாருங்கள். சுட்டால் கசாயச் சட்டியைத் தேட வேண்டாம், முச்சக்கர வண்டியைக் கூப்பிடுங்கள்.

எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்று நம்புகிறவர்கள் நாம். எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தேடி அறிவதும் அந்த நம்பிக்கையில் ஒரு பகுதிதான். பயணத்தில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.

வஸ்ஸலாம்.