கலரைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்! தமிழில் எழுதச் சொல்லிக் கேட்போம்!



"நம்ம ஊர்ல என்ன தண்ணி உறைஞ்சா போகுது? ரேடியேட்டருக்கு கூலன்ட் எதுக்கு? போர் தண்ணியே போதும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். உறைபனி ஊட்டி, கொடைக்கானல் மேல்மலைக்காரர்கள் கவலை என்பது உண்மைதான். ஆனால் உறையாமல் காப்பது மட்டுமா கூலன்ட்டின் வேலை?

எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. அதே கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். சித்திரை வெயிலில் உழவு ஓட்டும் நமக்கு இதுதான் தேவை. அதைவிட முக்கியம், அதில் சேர்த்திருக்கும் துருத்தடுப்பு மருந்து.

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அது இன்ஜினுக்குள்ளும் படியும். சூடு வெளியேறாது. ஹெட் கேஸ்கட் போகும். தண்ணீர் சுற்றும் லைனரில் பொடிப்பொடியாகக் குழி விழுந்து ஓட்டையாகும். ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி ஆகிவிட்டால் இன்ஜினையே இறக்க வேண்டியதுதான். ஒரு போக வருமானம் ஒர்க்ஷாப்புக்குப் போச்சு!

அப்படியானால் எதை வாங்குவது?

* பச்சை, சிவப்பு, நீலம் என்ற கலர் வெறும் சாயம். அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. டிராக்டர் புத்தகத்தில் சொன்ன வகைதான் கணக்கு.
* ஒரு வகையோடு இன்னொரு வகையைக் கலக்க வேணாம். மருந்து முறிந்துபோகும்.
* 'ரெடி மிக்ஸ்' என்றால் அப்படியே ஊற்றலாம். கெட்டிச் சரக்கு என்றால் பேட்டரி தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். வெறும் கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைக் கடத்தாது.
* இது இனிப்பான விஷம். வடித்ததைத் தரையில் ஊற்றினால் ஆடு, மாடு, நாய் நக்கிச் செத்துப்போகும்.

இதையெல்லாம் டப்பாவில் எழுதியிருக்கிறான். எந்த மொழியில்? இங்கிலீஷில்! அதனால்தான் நாம் கலரைப் பார்த்து வாங்குகிறோம். இது விவசாயி குற்றமா?

பூச்சிமருந்து டப்பாவில் வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. கூலன்ட் போன்ற பாக்கெட் சரக்குகளுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளோ, விவரங்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால் போதும் என்கின்றன. வேறு மொழியும் சேர்க்கத் தடையில்லை. ஆனால் கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாததைக் கம்பெனிக்காரன் தானாகச் செய்வானா? அதுவும் விஷம், இதுவும் விஷம். அதற்கொரு சட்டம், இதற்கொரு சட்டமா?

எனவே நாம் கேட்பது:

1. கூலன்ட் டப்பாவில் வகை, கலக்கும் அளவு, விஷ எச்சரிக்கை மூன்றையும் தமிழில் அச்சிட வேண்டும்.
2. டிராக்டர், பவர் டில்லர் விற்கும்போதே தமிழ்ப் புத்தகம் கையில் தர வேண்டும்.
3. வேளாண்மைப் பொறியியல் துறை, உழவுப் பருவத்துக்கு முன் கிராமம்தோறும் இன்ஜின் பராமரிப்பு முகாம் நடத்த வேண்டும்.

நாம் கேட்பது மானியம் அல்ல. காசு கொடுத்து வாங்கும் பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை. இனி கடையில் "தமிழில் எழுதின டப்பா இருக்கா?" என்று ஒவ்வொருவரும் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.

ஒன்றுபடுவோம்! உரிமை பெறுவோம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்