சத்தமில்லாததெல்லாம் சாந்தமில்லை

ரத்தம் இல்லை, துப்பாக்கி இல்லை, நேரம் முடிகிறதென்று மிரட்டும் கடிகாரம் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு ஏற்ற விளையாட்டு. நம்மூரில் ஒரு கணினி விளையாட்டுக்கு நற்சான்று கொடுக்க இவ்வளவு போதும். இதை நான் சோம்பேறித்தனம் என்பேன்.

‘அன்பேக்கிங்’கை எடுத்துக்கொள்வோம். பிரிஸ்பேனைச் சேர்ந்த விட்ச் பீம் நிறுவனம் 2021இல் வெளியிட்ட விளையாட்டு. வீடு மாறி வந்த ஒரு பெண்ணின் பெட்டிகளைப் பிரித்து, பொருள்களை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். 1997இல் சிறுமியின் படுக்கையறையில் தொடங்கி 2018 வரை எட்டு இடமாற்றங்கள். வசனமே கிடையாது.

2010இல் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். எங்கு பார்த்தாலும் அவன் சாமான்கள். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமில்லை. கடைசியில் அது கட்டிலுக்கடியில் போகிறது. 2012இல் பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறாள். பிற்பாடு அவளோடு வாழ வருபவர் ஒரு பெண்.

இந்தக் கடைசித் தகவலைக் கேட்டதும், “ஐயையோ, பிள்ளைங்க பார்க்கிறதா இது?” என்று பதறுகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை. சான்றிதழ் கட்டிலுக்கடியில் போனபோது உங்களுக்கு ஏன் பதறவில்லை? நம் வீடுகளில் எத்தனை அம்மாக்களின் எஸ்.பி.எம். சான்றிதழ் அலமாரி அடியில் பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது! அது பழகிப்போன காட்சி. பழகியதைத்தான் நாம் பாதுகாப்பானது என்கிறோம்.

எந்தப் பொருளையும் எங்கும் வைக்கலாம் என்ற வசதியும் விளையாட்டில் உண்டு. சிரமப்படுபவர்களுக்கு நல்ல உதவி. பிள்ளை சிணுங்குகிறதென்று அதைத் தட்டிவிட்டால், சான்றிதழ் எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளும். புதிரும் போச்சு, கதையும் போச்சு.

குடும்பத்துக்கு ஏற்றதா என்றால், ஏற்றதுதான். ஆனால், பிள்ளையைச் சும்மா இருக்கவைக்கத் திரையைக் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்தில் உட்காருங்கள். “ஏம்மா, இதுக்கு மட்டும் இடமே இல்ல?” என்று பிள்ளை கேட்கும். அம்மா பதில் சொல்லட்டும். அப்பாவும் எழுந்து போகாமல் இருந்து கேட்கட்டும்.