நிலமும் பதிவும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அடையாறு கரைபுரண்டபொழுது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய ஊர்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. உடைமைகளோடு, பெட்டியில் பூட்டி வைத்திருந்த கிரயப் பத்திரங்களும் நனைந்து பாழாயின. பின்னர் அரசாங்கம் முகாம்கள் நடத்தி, இழந்த ஆவணங்களுக்குப் பிரதிகள் வழங்க ஏற்பாடு செய்தது. இது எவ்வாறு இயன்றது? பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருந்ததனாலன்றோ! காகிதம் அழிந்தது, பதிவு அழியவில்லை.

அந்தப் பதிவு இன்று கணினியில் ஏறியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் 'ஸ்டார்' என்னும் பெயரில் தொடங்கிய திட்டம், 2018 பிப்ரவரியில் இரண்டாம் வடிவம் பெற்று, மாநிலம் முழுவதும் இணையவழிப் பதிவாக விரிந்தது. விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே தயாரிக்கலாம், கட்டணத்தைச் செலுத்தலாம், வர வேண்டிய நாளையும் நேரத்தையும் முன்னதாகவே பெறலாம். வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். நெசவாளி ஒரு நாள் அலுவலக வாயிலில் காத்திருந்தால் அன்று தறி ஓடாது. உழவர் காத்திருந்தால் அன்று வயல் வேலை நிற்கும். ஆகவே மிச்சமாகும் நேரம் நமக்குக் கூலியே ஆகும்.

எனினும், காலச் சிக்கனத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குச் சென்ற மதராஸ் கைக்குட்டைத் துணியை நெய்து பெயர் பெற்ற அனகாபுத்தூர், 2021 நவம்பர் முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். தென் புறநகரில் விளைநிலங்கள் மனைகளாயின; மனைகளின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. விலை ஏறிய இடத்தில் வஞ்சகமும் முளைக்கிறது. ஆள்மாறாட்டம், போலி அதிகாரப் பத்திரம், ஒரே மனையை இருவருக்கு விற்றல் ஆகியவற்றால் முதலில் ஏமாறுபவர், தம் நிலத்தின் பதிவை ஆண்டுக்கணக்கில் பாராதிருக்கும் எளியவரே. வில்லங்க விவரத்தை அடிக்கடி பார்ப்பவர், தமக்குத் தெரியாத பத்திரம் ஏறியிருப்பின் உடனே அறிவார், காலத்தில் முறையிடுவார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பதிவு வேறு, பாத்தியதை வேறு. 1858-ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொணர்ந்த முறையில் உரிமைக்கே அரசு உறுதி அளிக்கிறது. நம் நாட்டில் அவ்வாறில்லை. விற்பவரின் பாத்தியதையை ஆராயும் அதிகாரத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பதிவு அதிகாரிக்கு அளிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வெறும் அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு மனை வாங்கினால் உரிமை மாறாது என்று அதே நீதிமன்றம் 2011-லேயே கூறியுள்ளது. பதிவாகாத உயிலும், பங்காளிகளின் பங்கும் வில்லங்கச் சான்றில் தோன்றா. ஆதலால் கணினியில் கண்டதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்தலாகாது. மூலப் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் மூன்றையும் ஒப்பிட்டு, வழக்கறிஞரின் கருத்தையும் பெறுதல் வேண்டும்.

"எழுத்தறிவே குறைந்த எங்களுக்குக் கணினி எதற்கு?" என்று முதிய அங்கத்தினர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அன்று மனு எழுதுபவரை நாடியவர், இன்று கணினி தெரிந்த தரகரை நாடினால், இடைத்தரகு ஒழிந்ததாகாது, உருமாறியதே ஆகும். இவ்விடத்தில்தான் கூட்டுறவு துணை நிற்க வேண்டும். நூலுக்கும் உரத்திற்கும் இடைத்தரகரை விலக்கிய நாம், பத்திரத்திற்கும் விலக்க இயலாதா?

ஒவ்வொரு சங்கமும் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்கட்டும். படித்த இளைஞர் ஒருவர் அமர்ந்து, அங்கத்தினர்களின் வில்லங்க விவரத்தை அவர்கள் கண்முன்னே எடுத்துப் படித்துக் காட்டட்டும். இதற்குப் பெரும் மூலதனம் வேண்டியதில்லை. ஒரு கணினியும் சிறிது பொறுமையும் போதும். பாடுபட்டுச் சேர்த்த கையளவு மண்ணைக் காப்பதும் கூட்டுறவுப் பணியே ஆகும்.