மேஜை மேல இருக்குற கம்ப்யூட்டர் எதுக்கு ஒல்லியா இருக்கணும்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீடு. அப்பாவுக்கு அரசு வேலை. அம்மா வீட்டிலிருந்தபடியே அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். மகள் இந்த வருஷம்தான் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருக்கிறாள். ஹால் மூலையில் இருக்கும் டவர் கம்ப்யூட்டருக்கு வயது பத்து. ஒவ்வோர் ஆயுதபூஜைக்கும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மூடியில் கறையே படிந்துவிட்டது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது. ஆக, புதுசு வாங்கியே தீர வேண்டும். பட்ஜெட் 60,000 ரூபாய், அதுவும் மாதத் தவணையில்.

காமராஜர் சாலைப் பக்கம் ஒரு கடைக்குள் மூவரும் நுழைந்ததுமே மகளின் கண் ஒரு ‘ஆல் இன் ஒன்’ மேல் விழுந்தது. டிவி மாதிரி ஒரே பலகை. கம்ப்யூட்டர் முழுக்க அந்தத் திரைக்குப் பின்னாலேயே அடக்கம்.

“அப்பா, இதைப் பாருங்களேன், எவ்ளோ ஒல்லியா இருக்கு! ஹாலோட லுக்கே மாறிடும்ப்பா.”

அம்மா பின்பக்கம் எட்டிப் பார்த்தார். “ஏன் தம்பி, பென் டிரைவ் எங்க சொருகுறது?”

“பின்னாடி இருக்கும்மா. கையை விட்டுத் தடவினா கெடைச்சிடும்.”

கடைக்காரர்கள் கொண்டுவந்து தரும் பென் டிரைவை நாளைக்குப் பத்து முறையாவது மாட்டிக் கழற்றுகிறவர் அவர். பதில் பேசாமல் மகளைப் பார்த்தார். அடுத்த அரை மணி நேரம் அந்தக் கடையில் நடந்த விவாதம், இன்று பல வீடுகளில் நடக்கிற விவாதம்தான்.

லேப்டாப் ஒல்லியாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. பையில் போட்டு பஸ் ஏற வேண்டும், தோள் வலிக்கக் கூடாது. மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரை யார் தூக்குகிறார்கள்? போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஒரு முறை, வீடு மாறும்போது ஒரு முறை. இன்னொன்று, எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் கண்ணுக்குத் திரையின் தடிமன் தெரியவே தெரியாது. பக்கவாட்டில் சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கும் விருந்தாளிக்குத்தான் தெரியும்!

இந்த ஒல்லி மோகத்தை வளர்த்ததில் பெரிய பங்கு ஆப்பிளுடையது. 2012-ல் வந்த ஐமேக்கின் விளிம்பு வெறும் 5 மில்லிமீட்டர். விளம்பரப் படங்களில் கத்தி முனை போல இருக்கும். ஆனால் நடு முதுகு நல்ல தொப்பையோடுதான் இருந்தது. அந்த விளிம்புக்காகப் போனவை என்னென்ன? முதலில், சிடி-டிவிடி டிரைவ். கல்யாண வீடியோவும் காதுகுத்து வீடியோவும் டிவிடியில் கிடக்கிற வீடுகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, 21.5 இன்ச் மாடலில் பெரிய ஹார்ட் டிஸ்க் போய், லேப்டாப்பில் போடும் வேகம் குறைந்த சின்ன ஹார்ட் டிஸ்க் வந்தது. அதுவரை காந்தத்தில் நின்றிருந்த முன்பக்கக் கண்ணாடி, திரையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டப்பட்டது. அதனால் 21.5 இன்ச் மாடலில் ரேம் மாற்ற வேண்டும் என்றாலும் பசையை அறுத்துத் திரையையே எடுக்க வேண்டும். அதே வரிசையில் வந்த 27 இன்ச் ஐமேக்கிலோ, ரேம் மாற்ற முதுகில் ஒரு சின்னக் கதவு 2020 மாடல் வரைக்கும் இருந்தது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அந்தக் கதவே சாட்சி.

2021-ல் வந்த 24 இன்ச் ஐமேக் இன்னும் ஒரு படி மேலே போனது. தொப்பையும் இல்லை, மொத்தத் தடிமனே 11.5 மில்லிமீட்டர். ஹெட்போன் பின்னைப் பின்பக்கம் சொருகினால் முன்பக்கம் வந்துவிடும் அளவுக்கு உடம்பு மெலிந்ததால், அந்த ஓட்டையைப் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். கரன்ட் கொடுக்கும் பகுதிக்கு உள்ளே இடமில்லை. அது ஒரு பெரிய அடாப்டராகத் தரைக்கு வந்துவிட்டது. இன்டர்நெட் வயர் சொருகும் இடமும் அந்த அடாப்டருக்கே போனது. அடிப்படை மாடலில் அதுவும் கிடையாது, தனிக் காசு. கேமரா கார்டு போடும் இடம், சாதாரண பென் டிரைவ் போடும் அகலமான யூஎஸ்பி இரண்டுமே இல்லை. அவற்றுக்கு ஓர் இணைப்புப் பெட்டி வாங்கி மேஜையில் தொங்கவிட வேண்டும். ஒல்லி உடம்பிலிருந்து போனதெல்லாம் மேஜைக்கு மேலேயும் கீழேயும் வேறு பெயரில் வந்து நின்றன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் இருந்த எம்1 சிப் குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது. அதனால் அத்தனை ஒல்லியிலும் அது கொதித்துப்போகவில்லை, சத்தமும் குறைவு. ஆனால் ரேம் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. 8 ஜிபி போதாது என்று தோன்றினால் வாங்கும்போதே 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 16 ஜிபி எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் புத்தி வந்து பயனில்லை.

சூடு விஷயத்தில் எல்லா ஒல்லிக் கம்ப்யூட்டர்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடையாது. பிராசஸரின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உள்ளே இடம் இருந்தால் பெரிய மின்விசிறி வைக்கலாம். அது மெதுவாகச் சுற்றியே நிறைய காற்றைத் தள்ளிவிடும். இடமில்லாத இடத்தில் சின்ன விசிறி வேகமாகச் சுற்ற வேண்டும், கூவும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத ஹாலில், மகள் வீடியோ எடிட் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதுதான் இந்த வித்தியாசம் புரியும்.

போதாக்குறைக்கு, இது கடலோர ஊர். உப்புக்காற்றும் ஈரப்பதமும் சேர்ந்து, உள்ளே படியும் தூசியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். டவர் என்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு பிளோயர் வைத்து ஊதிவிட்டால் முடிந்தது. ஒட்டப்பட்ட பலகையில் எங்கே ஊதுவது?

ஆப்பிளே இந்தச் சூட்டில் ஒரு முறை கை சுட்டுக்கொண்டது. 2013-ல் பெரிய வேலைகளுக்கென்று உருளை வடிவில், கறுப்புக் குடம் மாதிரி ஒரு மேக் புரோ வந்தது. பார்க்க அத்தனை அழகு. ஆனால் அடுத்தடுத்து வந்த வலுவான கிராஃபிக்ஸ் கார்டுகளின் சூட்டைத் தாங்க அந்த வடிவத்துக்குள் வழியில்லை. அந்த வடிவமைப்பே தங்களை மாட்டிவிட்டது என்று 2017-ல் பத்திரிகையாளர்களிடம் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்குப் பதிலாக 2019-ல் வந்தது எது தெரியுமா? மூடியைக் கழற்றிக் கார்டுகளைச் சொருகிக்கொள்ளும் டவர்!

டவருக்கும் புதுச்சேரிக்கும் பழைய பழக்கம் உண்டு. வரிச்சலுகை இருந்த காலத்தில் எச்சிஎல், விப்ரோ போன்ற நிறுவனங்கள் இங்கே தொழிற்சாலை வைத்துக் கம்ப்யூட்டர்களைப் பூட்டி நாடு முழுக்க அனுப்பின. விப்ரோ 2013-ல் சொந்தமாகக் கம்ப்யூட்டர் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டது. லெனோவோ தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்களை இங்கே தயாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் அறிவித்ததும் அந்த நிறுவனம்தான்.

அதே லெனோவோ, 2012-லிருந்து ‘டைனி’ என்றொரு திங்க்சென்டர் வரிசையை விற்கிறது. கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர். 18 சென்டிமீட்டர் சதுரம், மூன்றரை சென்டிமீட்டர் உயரம். ஒரு ஸ்வீட் பாக்ஸ் அளவுதான். மானிட்டரின் முதுகிலேயே மாட்டிவிடலாம். டெல், எச்பி நிறுவனங்களிடமும் இதே அளவில் உண்டு. இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டைனியின் மூடி வந்துவிடும். ரேம் மாற்றலாம், எஸ்எஸ்டி மாற்றலாம். யூஎஸ்பி முன்பக்கமே இருக்கிறது.

சின்னதாக இருப்பது வேறு, ஒல்லியாக இருப்பது வேறு என்பது இங்கேதான் பிடிபடுகிறது. டைனி மேஜையில் உண்மையாகவே இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஒல்லிப் பலகை மிச்சப்படுத்துவது பக்கவாட்டில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கப்போவதும் இல்லை. மகளின் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. அந்த ஹால் சின்னது; பழைய டவரும் அதன் வயர்களும் பார்க்க நன்றாக இல்லைதான். வயர் குறையும் என்பது ஆல் இன் ஒன்னின் நிஜமான வசதி. மின்சாரத்துக்கு ஒரே வயர் போதும். கீபோர்டும் மவுஸும் வயர் இல்லாமலே கிடைக்கின்றன. மெயில் பார்க்க, பாட்டு கேட்க, வெளிநாட்டுப் பேரனோடு வீடியோ காலில் பேச என்று வாங்கும் தாத்தா பாட்டி வீட்டுக்கு அது பொருத்தமானதுதான்.

இந்த வீட்டுக் கதை வேறு. கடைகளின் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மாதாமாதம் 20-ம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டி வேறு. 18-ம் தேதி திரையில் கோடு விழுந்தால்? டவர் என்றால் பக்கத்து வீட்டு மானிட்டரைக் கடன் வாங்கி மாட்டி, அன்றைக்கே வேலையை முடிக்கலாம். பலகையில், சரியாக இருக்கும் கம்ப்யூட்டரும் திரையோடு சேர்ந்து சர்வீஸ் சென்டருக்குப் போய்விடும். கணக்கு ஃபைல்களும் கூடவே போகும்.

இதற்கு நேர்மாறான கஷ்டமும் உண்டு. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது, திரை மட்டும் புத்தம் புதுசு போல இருக்கிறது என்றால் என்ன செய்வது? 2014-ல் வந்த 27 இன்ச் 5கே ஐமேக்கின் திரை அந்தக் காலத்தில் எல்லோரும் வாயைப் பிளந்த திரை. அதற்கு முன் வந்த பல ஐமேக்குகளை வேறொரு கம்ப்யூட்டருக்கு மானிட்டராக மாட்டிக்கொள்ள வழி இருந்தது. 5கே ஐமேக்கில் அந்த வழி இல்லை. ஆகவே கம்ப்யூட்டருக்கு ஆயுள் முடிந்ததும் அந்த அருமையான திரையும் ஓரமாக உட்கார வேண்டியதுதான்.

கடையில் மின்விசிறிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் விலை கேட்டார் அப்பா. அனுபவம்! பழைய டவரில் வோல்டேஜ் ஏறி இறங்கி எஸ்எம்பிஎஸ் போனபோது, அரை மணி நேரத்தில் புதுசு வாங்கி மாட்டியிருக்கிறார். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறைதான் அதற்குக் காரணம். அந்த அளவில் யார் செய்தாலும் திருகு ஓட்டை ஒரே இடத்தில் இருக்கும். டவர் என்று பெயர் இருந்தாலும் சில பிராண்டட் ஒல்லி டவர்களில் எஸ்எம்பிஎஸ் தனி வடிவம், தனிப் பின். வெளிக்கடையில் கிடைக்காது. பில் போடுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பிரான்சில் இப்படிக் கேட்டுக் கேட்டு அலைய வேண்டியதில்லை. லேப்டாப், மொபைல், டிவி, வாஷிங்மெஷின் போன்ற சில பொருட்களில், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என விலையோடு சேர்த்து அச்சிட்டு வைக்க வேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரியில் அங்கே நடைமுறைக்கு வந்தது. கழற்ற எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடங்கும். மேஜைக் கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது வேறு விஷயம். 1954-ல் புதுச்சேரியை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்கள், போலீஸ் தொப்பியோடு இதையும் விட்டுப் போயிருக்கலாம்! இந்தியாவில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. சர்வீஸ் விவரங்களை நிறுவனங்கள் அங்கே வெளியிடுகின்றன. கடை ஷெல்ஃபில் மதிப்பெண் அட்டை தொங்கும் நிலைமை இன்னும் வரவில்லை.

காமராஜர் சாலைக் கடையில் டைனியும் பரிசீலனைக்கு வந்தது. அம்மாவுக்கு அது போதும். ஆனால் வீடியோ எடிட்டிங்குக்கு நாளைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்பட்டால், அந்த ஸ்வீட் பாக்ஸுக்குள் இடம் கிடையாது. கடைசியில் சின்ன சைஸ் டவர் ஒன்று முடிவானது. 16 ஜிபி ரேம், இன்னும் இரண்டு ரேம் போட இடம் காலி, கிராஃபிக்ஸ் கார்டுக்கான இடமும் காலி. மகளுக்கு முகம் சுருங்கத்தான் செய்தது. கடைக்காரர் ஒரு மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். அது அந்தப் பலகையைவிட ஒல்லி!

“டவரை மேஜைக்குக் கீழ தள்ளிடலாம்டி. ஹால்ல பார்த்தா இது மட்டும்தான் தெரியும்” என்றார் அப்பா.

அம்மா உடனே தலையாட்டவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? அன்றைக்குத் தரையில் வைத்திருந்ததெல்லாம் போச்சு. மேஜை மேல் நிற்கும் பலகைக்கு அந்த ஆபத்து குறைவு என்பதை மகள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். “பாத்தியாம்மா, அதுக்குத்தான் சொன்னேன்.”

“அதுக்கு ஒரு ஸ்டூல் போதும்” என்றார் அம்மா. எவ்வளவு உயரத்தில் ஸ்டூல் போடுவது, யூபிஎஸ்ஸை அதன் மேல் எங்கே வைப்பது என்று பில் போடும் வரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். பழைய டவரிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தனியே எடுத்து, யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டுத் தரும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மகளின் காதுகுத்து வீடியோ அதில்தான் இருக்கிறது.