நாணமும் வலியும்

கரிகாலனோடு பொருத வெண்ணிப் போரில் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். புறநானூறு (65, 66) அவனுடைய நாணத்தைப் பாடுகிறது. புண் எப்படி வலித்தது என்பதைப் பாடவில்லை. இன்றைய மருத்துவம் இதற்கு நேர்மாறு. வலியை விசாரிக்கிறது, நாணத்தை விசாரிப்பதில்லை.

இரண்டையும் சேர்த்து விசாரித்த ஆய்வொன்று 2024 ஜூனில் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸில், நாள்பட்ட வலியோடு வாழும் 60 முதல் 95 வயதுவரையிலான 126 முன்னாள் படைவீரர்கள். ஒரு பிரிவினருக்கு வலியைச் சமாளித்து வாழப் பழக்கும் வழக்கமான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு, அடக்கி வைத்த கோபத்தையும் அச்சத்தையும் குற்றவுணர்வையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கும் சிகிச்சை. தனியாக ஓர் அமர்வு, குழுவாக எட்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முடிவில் வலி 30 விழுக்காடாவது குறைந்ததாகச் சொன்னவர்கள் முதற்பிரிவில் 17 விழுக்காடு, இரண்டாவதில் 63. ஆறு மாதத்திற்குப் பின் 14, 40. (ஒரே ஊரில் நடந்த ஆய்வு, பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

‘அப்படியானால் வலி வெறும் மனப்பிரமையா’ என்று சீறுபவர்கள் உண்டு. இல்லை. உடலும் உள்ளமும் இரண்டு ஊர்கள் அல்ல என்பதுதான் செய்தி. தமிழுக்கு இது புதிதுமல்ல. உணர்வு மெய்யில் தோன்றுவதால்தான் அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். இளிவரலின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் சொல்பவை மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வலியோடு வாழும் முதிய சிப்பாயிடம் நான்கும் ஒருங்கே கூடுகின்றன.

புதுச்சேரிக்கு இது அயலார் சங்கதி அன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்கள் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கங்களோடு நிற்பதைப் பார்த்திருக்கிறோம். இந்திய ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பதக்கம் பெருமிதத்தை மட்டுமே பேசும். ஓய்வூதியத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவரிடம் கூட இருந்து செத்தவனைப் பற்றி நாம் கேட்பதில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று வளர்த்த ஊரில் அவரும் தானாகச் சொல்ல மாட்டார். மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். பெரிய கருவிகள் வேண்டாம். வாரம் ஒருமுறை ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒருவர், ஒரே மாதிரியான வாழ்வைக் கண்ட ஏழெட்டு முதியவர்கள். வீட்டுத் திண்ணை இதற்கு ஆகாது. மருமகள் காதில் விழும் தூரத்தில் எந்தச் சிப்பாயும் தான் பயந்த கதையைச் சொல்லமாட்டான்.