தென் கேரளத் தீர்ப்பும் விழிஞ்ஞத்தின் கேள்வியும்

2021 மே 2 அன்று வெளிவந்த கேரள சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் இந்திய இடதுசாரி இயக்கத்துக்குப் புதுத்தெம்பை அளித்துள்ளன. மொத்தமுள்ள 140 இடங்களில் 99 இடங்களை இடது ஜனநாயக முன்னணி வென்றிருக்கிறது. ஆளும் அணியே மீண்டும் ஆட்சிக்கு வருவதை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேரளம் கண்டதில்லை. 2019 மக்களவைத் தேர்தலில் 20 தொகுதிகளுள் ஆலப்புழை ஒன்றை மட்டுமே முன்னணியால் பெற முடிந்தது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியதற்கு ஆழமான காரணங்கள் உண்டு. வெள்ளத்திலும் கொள்ளைநோயிலும் மக்களைக் கைவிடாத நிர்வாகம், வீடுதோறும் சென்ற உணவுப்பொருள் தொகுப்பு, 1,600 ரூபாயாக உயர்த்தப்பட்ட சமூகநல ஓய்வூதியம், புத்துயிர் பெற்ற அரசுப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆகியவையே அக்காரணங்கள். தனியார்மயமே வேதம் என்று ஒன்றிய அரசு ஓதிவரும் காலத்தில், மாற்றுப் பாதை ஒன்று உண்டு என்பதை வாக்காளர்கள் ஏற்றுள்ளனர்.

இவ்வெற்றியின் உறுதிமிக்க தூண் தென் கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13, கொல்லத்தின் 11இல் 9, பத்தனம்திட்டையின் 5இல் ஐந்தும், ஆலப்புழையின் 9இல் 8 என, நான்கு மாவட்டங்களின் 39 தொகுதிகளில் 35 இடது முன்னணி வசமாயின. 2016இல் இந்த எண்ணிக்கை 32. சபரிமலைப் பிரச்சினையைக் கொண்டு பத்தனம்திட்டையில் நிலைகொள்ளலாம் என்று கணக்கிட்டவர்களுக்கு அம்மாவட்டம் ஓர் இடம்கூடத் தரவில்லை. 2016இல் ஓ.ராஜகோபால் மூலம் பா.ஜ.க. தன் முதல் சட்டமன்றக் கணக்கைத் தொடங்கிய நேமம் தொகுதியில், தோழர் வி.சிவன்குட்டி 3,949 வாக்கு வேறுபாட்டில் வென்று அந்தக் கணக்கை முடித்து வைத்தார்.

ஆயினும் வெற்றியின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்துவிடக் கூடாது. மாநிலத்தில் பா.ஜ.க. இரண்டாமிடம் பெற்ற ஒன்பது தொகுதிகளுள் ஐந்து தென் மாவட்டங்களைச் சேர்ந்தவை. நேமம், வட்டியூர்க்காவு, கழக்கூட்டம், ஆற்றிங்கல் ஆகிய நான்கும் தலைநகர மாவட்டத்தில் உள்ளன. சாத்தன்னூர் கொல்லம் மாவட்டத்தில் உள்ளது. இடது முன்னணி எங்கேனும் தளர்ந்தால் அந்த இடத்தை நிரப்பக் காத்திருப்பது யார் என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது.

எனவே, வென்ற 35 இடங்களுக்கு நிகராக, இழந்த நான்கு இடங்களும் கவனத்துக்குரியவை. அவற்றுள் ஹரிப்பாடு எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலாவின் தொகுதி. அங்கு முடிவு எதிர்பாராததன்று. மற்ற மூன்றும் வேறு வகையானவை. குண்டறையில், 2016இல் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்ற மீன்வளத்துறை அமைச்சர் மேழ்சிக்குட்டியம்மா இம்முறை தோல்வியுற்றார். ஆலப்பாட்டுக் கடலோரத்தை உள்ளடக்கிய கருநாகப்பள்ளியில் காங்கிரஸ் 29,208 வாக்கு வேறுபாட்டில் வென்றது. விழிஞ்ஞம் அடங்கிய கோவளம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் கைநழுவிய ஒரே தொகுதியாக நிற்கிறது. வென்ற இடங்களிலும் கடற்கரையின் எச்சரிக்கை உண்டு. கொல்லத்தில் முன்னணியின் வாக்கு வேறுபாடு 17,611இலிருந்து 2,072ஆகச் சுருங்கியது. சவறையில் 1,096 வாக்குகளே வெற்றியைத் தீர்மானித்தன.

கோவளத்தின் கணக்கு தனித்து ஆராயத்தக்கது. 2016இல் அங்கு காங்கிரஸ் 2,615 வாக்கு வேறுபாட்டில் வென்றது. மாநிலமெங்கும் இடது அலை வீசிய 2021இல் அதே வேட்பாளரின் வாக்கு வேறுபாடு 11,562ஆக உயர்ந்துள்ளது. அலை உயர்ந்தபோது இந்தக் கரை மட்டும் விலகிச் சென்றது ஏன்?

இதற்கு எளிதான விடைகள் இரண்டு உலவுகின்றன. அத்தொகுதி தோழமைக் கட்சியான ஜனதா தளத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பது ஒன்று. ஆனால் தோழமைக் கட்சிகள் போட்டியிட்ட எத்தனையோ தொகுதிகளில் முன்னணி வென்றுள்ளது. வேட்பாளர் யாராயினும் வீடுவீடாகச் செல்ல வேண்டியவை கட்சியின் கிளைகளே. கடற்கரை மக்கள் திருச்சபையின் சொற்படி வாக்களிப்பவர்கள் என்பது மற்றொன்று. அதே இலத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் வாழும் வலியதுறையை உள்ளடக்கிய திருவனந்தபுரம் தொகுதி, காங்கிரசின் முன்னாள் அமைச்சரைத் தோற்கடித்து முன்னணியின் ஆன்டணி ராஜுவைத் தேர்ந்தெடுத்துள்ளது. அஞ்சுதெங்கு மீனவர்கள் வாழும் சிறையின்கீழிலும் முன்னணியே வென்றது. மதத்தைக் கொண்டு வாக்கை அளப்பவர்களால் இந்த வேறுபாட்டை விளக்க இயலாது. மேலும் கோவளம் தொகுதி கடற்கரை மட்டுமன்று. பாலராமபுரத்தின் கைத்தறி நெசவாளர்களும், 1893இல் அய்யன்காளி வில்வண்டியேறித் தெருவுரிமையை நிலைநாட்டிய வெங்ஙானூரின் உழைப்பாளிகளும் அதன் வாக்காளர்களே. இத்தகைய உழைக்கும் மக்கள் நிறைந்த தொகுதியை வெறும் சமூகக் கணக்காகச் சுருக்குவது மார்க்சிய ஆய்வாகாது.

தேடவேண்டிய விடை மக்களின் வாழ்நிலையில் இருக்கிறது. விழிஞ்ஞத்தில் அந்த வாழ்நிலையின் மையத்தில் துறைமுகம் நிற்கிறது. பாண்டியர் செப்பேடுகளில் கோட்டையும் துறையுமாக இடம்பெற்ற தொன்மையான ஊர் அது. கரையை ஒட்டியே இயற்கையான ஆழமும், பன்னாட்டுக் கப்பல் வழியின் அண்மையும் இருப்பதால் பெருந்துறைமுகத்துக்கு ஏற்ற இடம் என்பதில் ஐயமில்லை. எவருடைய துறைமுகம், எத்தகைய நிபந்தனைகளில் என்பதே கேள்வி. 2015 ஆகஸ்ட் 17 அன்று உம்மன் சாண்டி தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி அரசு அதானி குழுமத்துடன் ஒப்பந்தம் செய்தது. 7,525 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்தில் நிலமும் அலைதடுப்புச் சுவரின் செலவும் மக்கள் பணம்; 40 ஆண்டுகள் இயக்கி வருவாய் ஈட்டும் உரிமை அதானிக்கு. வழக்கமான 30 ஆண்டுகளுக்கு மேல் பத்தாண்டுகள் கூட்டியதால் மட்டும் அந்நிறுவனத்துக்கு 29,217 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிட்டும் என்று 2017இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இடது முன்னணி இந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்தது. ஆட்சிக்கு வந்தபின், கையெழுத்தான ஒப்பந்தத்தை முறிப்பதன் இழப்பைக் கருதித் திட்டத்தைத் தொடர்ந்தது.

இங்கேதான் ஒரு முரண் எழுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கட்சி அத்தொகுதியில் வாக்குகளைப் பெருக்குகிறது. அதனை விமர்சித்த அணி இழக்கிறது. துறைமுகம் ஒன்றே தோல்விக்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் கரை அரிப்பில் வீடிழந்த மீனவருக்கு, 2015இல் கையெழுத்திட்டவர் யார் என்பதைவிட, இன்று அரசாணை பிறப்பிப்பவர் யார் என்பதே முதன்மையானது. கேள்வி கேட்கத் தகுந்தவரிடம்தான் மக்கள் கேட்பார்கள். 2021 மே மாத நடுவில் டவ்தே புயல் சீறியபோது வலியதுறையின் பழைய கடற்பாலம் பழுதுற்றது. முந்தைய சீற்றங்களில் வீடிழந்த குடும்பங்களுள் பல அப்போதும் சிமென்ட் கிடங்கில் வாழ்ந்தன. இடம்பெயர்வோருக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கும் புனர்கேகம் திட்டம் இடது அரசின் அரிய முயற்சி. ஆனால் கடலை நம்பிய குடும்பத்துக்குக் கரைக்கு அருகே நிலம் கிடைக்காவிடில் தொகை மட்டும் வீடாகிவிடாது.

இம்மக்களுக்கும் இடதுசாரி இயக்கத்துக்கும் இடையிலான உறவு எளிதான வரலாறு உடையதன்று. 1959இல் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகப் பிற்போக்குச் சக்திகள் நடத்திய ‘விமோசன சமரத்’தின்போது புல்லுவிளை, வெட்டுகாடு, செறியதுறை ஆகிய மீனவ ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. செறியதுறையில் கருவுற்றிருந்த ஃபுளோரி என்னும் மீனவப் பெண் கொல்லப்பட்டார். அந்த நினைவை அறுபது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவர்கள் உண்டு. ஆனால் அது நினைவில் இருக்கிறது என்பதையும் மறுக்க இயலாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கடலுக்குச் சென்றவர்களைக் காவு கொண்டபோது, விழிஞ்ஞத்துக்குச் சென்ற முதலமைச்சர் மக்களின் சினத்தை நேரில் எதிர்கொண்டார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே கடற்கரைகளின் மீனவர்கள் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்டனர். அரசு அவர்களைக் கேரளத்தின் படை என்று போற்றியது. போற்றுதலுக்குப் பின் வரவேண்டியது பங்கேற்பு. 400 ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்களுக்காக இ.எம்.சி.சி. நிறுவனத்துடன் செய்துகொள்ளப்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் 2021 பிப்ரவரியில் வெளிவந்தபோது அரசு அதனை உடனே ரத்து செய்தது. எனினும் தம்மைக் கேளாமலே தம் கடல் பற்றி முடிவெடுக்கப்படுகிறது என்ற ஐயம் மீனவர் மனத்தில் விழுந்துவிட்டது. காங்கிரஸ் அந்த ஐயத்தையே அறுவடை செய்தது.

இது கேரளத் தோழர்களின் உள்விவகாரம் மட்டுமன்று. கடல் மாநில எல்லையை அறியாது. ஒக்கி விழிஞ்ஞத்தையும் குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களையும் ஒருசேரத் துயரில் ஆழ்த்தியது. பழவேற்காட்டு மீனவர்களின் வாழ்வைக் காக்க, காட்டுப்பள்ளியில் அதானி துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைத் தமிழக இடதுசாரிகள் எதிர்க்கின்றனர். குமரியில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு எதிரான மீனவர் போராட்டத்திலும் துணைநின்றனர். காட்டுப்பள்ளியில் கேட்கும் கேள்விகளை விழிஞ்ஞத்தில் கேளாதிருந்தால், களியக்காவிளைக்கு அப்பால் ஓர் அளவுகோல், இப்பால் ஓர் அளவுகோல் என்று எதிரிகள் மட்டுமல்லர், மீனவர்களும் சொல்வார்கள். ஒரு மாநில அரசு ஒன்றிய அரசின் கொள்கைச் சட்டகத்துக்குள், முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற ஒப்பந்தத்தின் சுமையோடு இயங்குகிறது என்பது உண்மை. அந்த வரம்பை மக்களிடம் திறந்து சொல்வதும், வரம்புக்குள் தொழிலாளர் பக்கம் நிற்பதும் கட்சியின் கடமை.

2021 மே 20 அன்று பொறுப்பேற்ற இரண்டாவது அரசுக்கு இதற்கான வலிமை உண்டு. துறைமுகப் பணி கரையில் விளைவித்த மாற்றங்களை, மீனவர் பிரதிநிதிகள் இடம்பெறும் சுயேச்சையான வல்லுநர் குழுவைக் கொண்டு ஆராயச் செய்து அறிக்கையை வெளியிடலாம். கிடங்குகளில் வாழ்வோர் அனைவருக்கும் நாள் குறித்து வீடளிக்கலாம். துறைமுக வேலைகளில் உள்ளூர் இளைஞர்களுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கான சந்தை வசதிகளுக்கும் அதானி குழுமம் எழுத்துபூர்வமாகப் பொறுப்பேற்கச் செய்யலாம். கட்சிக்கும் வேலை உண்டு. மீனவர் சங்கங்களைத் தேர்தல் காலக் குழுக்களாக அன்றி அன்றாடப் போராட்ட அமைப்புகளாக வளர்க்க வேண்டும். கடலோர மக்களுக்காகப் பேசும் ஒரே குரலாகத் திருச்சபையை விட்டுவைத்தது யார் என்ற கேள்வியைக் கிளைக் கூட்டங்கள் தொடங்கி எழுப்ப வேண்டும்.

கோவளத்தில் இழந்தது ஓர் இடம்; அதனால் அரசுக்கு ஆபத்தில்லை. ஆனால் மீனவர்களின் சினம் என்றும் காங்கிரசிடமே தங்கியிருக்கும் என்ற உறுதியும் இல்லை. பக்கத்துத் தொகுதிகளில் இரண்டாமிடத்தில் நிற்பவர்கள் அந்தச் சினம் தம் பக்கம் திரும்பும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், இந்த மழைக்காலத்திலேயே கட்சி விழிஞ்ஞம் கரைக்குச் சென்று அம்மக்களோடு அமர்ந்து பேச வேண்டும்.